தலவத்துகொட வீடு: முற்பணம் கட்டுவதற்கு முன்

கொழும்புக்குப் பக்கத்தில் தலவத்துகொடயில் மதில் சூழ்ந்த புதுத் திட்டத்தில் 6 கோடி ரூபாய்க்கு வீடு, முற்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்குக் கட்டாதீர்கள். முத்திரைத் தீர்வை (வீடு கைமாறும்போது கட்டும் வரி) மட்டும், முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று கிட்டத்தட்ட 24 லட்சம் வரும், உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு.

எனக்குப் பெரிய பயம் காணிதான். அந்தப் பக்கம் வயலும் சதுப்பும் நிரப்பிய நிலம் நிறைய, அதனால் வீடு கட்டி விற்பவர்கள் நிரப்ப அனுமதி எடுத்தார்களா என்று உங்கள் சொந்தச் சட்டத்தரணியை (அவர்கள் காட்டும் ஆளை இல்லை) பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அடைமழைக்கு மறுநாள் நீங்களே போய் அயலவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள்.

உள்வீதி யார் பெயரில், மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கூட்டலாம் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். காவலாளி, ஜெனரேட்டர், நீச்சல் குளம் எல்லாம் உங்கள் காசில்தான் ஓடும்.