ரத்த எண்ணிக்கை சரியாகிவிட்டது. எதிர்ப்பாற்றல் எப்போது திரும்பும்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காமல் போகும் கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்காக ஐந்து மாதங்களுக்கு முன்பு ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. பத்து வயதான மூத்த மகள்தான் கொடையாளர். முழுப் பொருத்தம் என்றார்கள். இப்போது ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள் எல்லாம் இயல்பாக இருக்கின்றன. ஆனாலும், ‘சிடி4 எண்ணிக்கை 140தான், இப்போது பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்’ என்கிறார் மருத்துவர். சிகிச்சை தோற்றுவிட்டதா? எதிர்ப்பாற்றலைக் கூட்ட ஏதாவது கொடுக்கலாமா? முன்பு போட்ட தடுப்பூசிகள் என்னவாகும்? வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறாள். அவளுக்கு வழக்கமான தடுப்பூசிகளைப் போடலாமா?

பதில்: சிகிச்சை தோற்கவில்லை, அம்மா. உங்கள் மகளின் ஸ்டெம் செல்கள் தம்பியின் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, அங்கே நின்றுபோயிருந்த வேலையைத் தொடங்கிவிட்டன என்பதைத்தான் அந்த மூன்று எண்ணிக்கைகளும் காட்டுகின்றன. மூத்தவளைப் பற்றியும் கவலை வேண்டாம். அவள் கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் அவள் உடலில் மீண்டும் ஊறிவிடும்.

ஆனால் ரத்தம் ஊறுவதும் எதிர்ப்பாற்றல் திரும்புவதும் வேறுவேறு காலக்கணக்கில் நடக்கின்றன. பெற்றோர் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை இயல்பாக இருக்கலாம். அதற்குள் எந்த வகை அணு எவ்வளவு இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யுமா என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

பாக்டீரியாவை விழுங்கும் நியூட்ரோபில்கள்தான் முதலில் வரும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வந்துவிடும். வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் என்.கே. செல்கள் ஓரிரு மாதங்களில் தேறும். எதிர்பொருள் சுரக்கும் பி செல்கள் எண்ணிக்கையில் மீளவே ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். நன்றாக வேலை செய்ய இரண்டாண்டு கூட ஆகலாம். எல்லாவற்றிலும் தாமதமாக வருபவை டி செல்கள். அவற்றில் சிடி4 என்னும் வகை இன்னும் மெதுவாக வரும். பி செல்லுக்கு உதவுவதும், மற்ற அணுக்களைத் தூண்டுவதும் சிடி4 செல்கள்தான். அதனால்தான் உங்கள் மருத்துவர் அந்த எண்ணைத் தனியாக எடுத்துச் சொன்னார்.

டி செல்கள் இரண்டு வழிகளில் திரும்புகின்றன. அக்காவின் மஜ்ஜையோடு கலந்து வந்த முதிர்ந்த டி செல்கள் தம்பியின் உடலில் பெருகுவது ஒரு வழி. இது விரைவில் நடக்கும், ஆனால் அவற்றால் அடையாளம் காணக்கூடிய கிருமிகள் குறைவு. அக்காவின் ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் இளம் அணுக்கள் தைமஸ் சுரப்பிக்குச் சென்று, அங்கே தேர்வாகிப் புத்தம்புது டி செல்களாக வெளியே வருவது இரண்டாவது வழி. இதுவரை சந்தித்திராத கிருமியையும் எதிர்கொள்ளும் ஆற்றல் இந்த வழியில்தான் கிடைக்கும். இவை கணிசமாகத் தென்பட ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். நிறைவடைய ஓரிரு ஆண்டுகள் ஆகும்.

மார்பெலும்பின் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் இந்தத் தைமஸ், குழந்தைப் பருவத்தில் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. பருவமடைந்த பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறிக்கொண்டே போகும். ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இதே சிகிச்சை செய்தால் புதிய டி செல்களுக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஏழு வயது. இந்த விஷயத்தில் வயது முழுக்க அவன் பக்கம் நிற்கிறது.

தைமஸ் வேலை செய்கிறதா என்பதை ரத்தத்திலேயே அறியலாம். டி செல், கிருமியை அடையாளம் காண உதவும் தன் ஏற்பியை உருவாக்கும்போது டி.என்.ஏ.வின் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. அந்தத் துண்டு சிறு வளையமாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. செல் பிளந்து பெருகும்போது இந்த வளையம் பெருகாது. ஆகவே வளையங்கள் நிறைய இருந்தால், தைமஸிலிருந்து அண்மையில் வெளிவந்த செல்கள் நிறைய இருக்கின்றன என்று பொருள். ‘ட்ரெக்’ என்று பெயர்பெற்ற இந்தப் பரிசோதனை, மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பெரிய கதவைத் திறந்துவிட்டது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இதே வளையங்களை எண்ணி, எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் ‘ஸ்கிட்’ நோயைக் கண்டுபிடிக்கும் திட்டத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு ஆய்வு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரக் குழந்தை மருத்துவர்களுடையது. புதிய மஜ்ஜையை உடல் தள்ளிவிடாமல் இருக்க ஏ.டி.ஜி. என்னும் மருந்தை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுப்பார்கள். முயலின் உடலிலோ குதிரையின் உடலிலோ உருவாக்கப்படும் எதிர்பொருள் அது. வேலை டி செல்களை அழிப்பது. ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு இது வழக்கமான மருந்து, உங்கள் மகனும் பெற்றிருக்கக்கூடும். முயல் வகை மருந்து ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கக்கூடியது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் மிச்சமிருந்தால், அக்காவிடமிருந்து வந்த டி செல்களையும் அது அழித்துவிடும். அப்படி மிகுதியாகத் தங்கிய குழந்தைகளுக்குச் சிடி4 திரும்புவது தாமதமாகிறது என்று அந்தக் குழு காட்டியது. 100 நாட்களுக்குள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் 50ஐத் தாண்டிய குழந்தைகள் சிகிச்சையின் சிக்கல்களால் இறப்பது குறைவு என்றும் கண்டார்கள். உடல் எடையோடு லிம்போசைட் (டி செல், பி செல் போன்றவை அடங்கிய வெள்ளை அணு வகை) எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டு ஏ.டி.ஜி. அளவைத் தீர்மானித்து அவர்கள் நடத்திய சோதனையின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. இதைப் படித்துவிட்டு, அந்த மருந்தே கொடுத்திருக்கக் கூடாதோ என்று மனம் நோகாதீர்கள். அது இல்லாவிட்டால் உடல் மஜ்ஜையை நிராகரிக்கும் ஆபத்து கூடுகிறது. அளவும் நேரமும்தான் இன்று ஆராயப்படுகின்றன.

இப்போது உங்கள் மகனின் 140க்கு வருவோம். 50 என்ற படியை அவன் தாண்டிவிட்டான். ஆரோக்கியமான ஏழு வயதுக் குழந்தைக்கு இருக்கவேண்டிய 500க்கு மேற்பட்ட அளவை இன்னும் எட்டவில்லை. இடையில் பல மையங்கள் 200 என்பதை ஒரு கட்டமாக வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இருக்கும்வரை நிமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நிமோனியாவைத் தடுக்கும் மருந்தை நிறுத்தமாட்டார்கள். ஒரு நாளின் எண்ணைவிட அது போகும் திசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாம் மாதம் 60, இப்போது 140 என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். மூன்றாம் மாதமும் 140 என்றால் காரணத்தைத் தேடுவேன்: சிஎம்வி, அடினோ போன்ற வைரஸ் தொற்று இருக்கிறதா, கொடையாளரின் செல்கள் குழந்தையின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. தலைகாட்டுகிறதா என்று பார்ப்பேன். ஜி.வி.எச்.டி. தைமஸையே சேதப்படுத்தக்கூடியது, அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் டி செல்களைக் குறைக்கும். பழைய அறிக்கைகளை எடுத்து, சிடி4 எண்களைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் டி செல்களை அடக்கி வைக்கும். எண்ணிக்கை ஏறட்டும் என்று எண்ணி ஒரு வேளை மருந்தைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். இந்த நோயில் அதை அவசரமாக நிறுத்தினால் மஜ்ஜையே கைவிட்டுப் போகலாம்.

எதிர்ப்பாற்றலைக் கூட்ட என்ன கொடுக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில்: எதுவும் வேண்டாம். தைமஸை விரைவுபடுத்தும் டானிக்கோ, பொடியோ, உணவோ கிடையாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் மூலிகைப் பொருள்கள் சில, ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில, அளவை இறக்கி மஜ்ஜையை ஆபத்தில் தள்ளும். நல்ல நோக்கத்தோடு உறவினர்கள் வாங்கித் தருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

இந்தக் காலத்தில் தொற்றைத் தடுப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய மருத்துவம். குழந்தைகளின் எதிர்ப்பாற்றல் எப்படிக் கட்டமைகிறது என்பதை நாம் பெரிதும் கற்றது, அது இல்லாமலேயே பிறந்த ஸ்கிட் குழந்தைகளிடமிருந்துதான். 1968இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, அப்படிப்பட்ட ஆண் குழந்தை ஒன்றுக்கு அவனுடைய சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்தியது. அவன் வளர்ந்து பெரியவனானான். 2000 முதல் 2009 வரை மாற்றுச் சிகிச்சை பெற்ற 240 ஸ்கிட் குழந்தைகளைப் பற்றிய வட அமெரிக்க ஆய்வு 2014இல் வந்தது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டியிருந்தாலும் தொற்றே வராதவர்களில் 90 சதவீதம். சிகிச்சையின்போது தொற்று இருந்தவர்களில் 50 சதவீதம்தான். உங்கள் மகனின் நோய் வேறு, கட்டமும் வேறு; அந்த எண்களை அவனுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் எதிர்ப்பாற்றல் குறைந்த நேரத்தில் தொற்று என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

எனவே காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சின்னம்மையோ தட்டம்மையோ வந்த குழந்தையோடு அவன் ஓர் அறையில் இருக்க நேர்ந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். உடனே சொன்னால் தடுக்க வழி உண்டு, தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பள்ளிக்கு அனுப்பும் நாளைச் சிடி4 மட்டும் தீர்மானிப்பதில்லை. சைக்ளோஸ்போரின் எந்த அளவில் இருக்கிறது, ஜி.வி.எச்.டி. இருக்கிறதா, ஊரில் எந்தத் தொற்று பரவுகிறது என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அனுப்புவார்கள். அதுவரை அவனை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை. கூட்டமில்லாத திறந்த வெளியில் நடக்கட்டும், ஓடட்டும். சளி, இருமல் இல்லாத நண்பன் ஒருவன் வந்து விளையாடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தனிமையும் ஒரு நோய்தான். அதையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

பழைய தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பு பெரும்பாலும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அக்கா போட்டுக்கொண்டவை தம்பியைக் காக்கும் என்றும் நம்பக் கூடாது. நிமோகாக்கஸ் தடுப்பூசியை மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே தொடங்கலாம். உயிரற்ற மற்ற தடுப்பூசிகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மீண்டும் தொடங்கும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டாண்டு பொறுக்க வேண்டும், அப்போதும் ஜி.வி.எச்.டி. இருக்கக் கூடாது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் நின்றிருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவள் நோயில்லாமல் இருப்பது அண்ணனுக்கும் காப்பு. போலியோவுக்கு மட்டும் சொட்டு மருந்தைத் தவிர்த்து ஊசியாகக் கேளுங்கள். சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறி அவனைத் தொற்றலாம். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அண்மையில் கொடுக்கப்பட்டிருந்தால், அணையாடை மாற்றியவுடன் சோப்பால் கை கழுவுங்கள். அந்த வேலையில் மகன் உதவிக்கு வர வேண்டாம். பெரியவர்களும் மூத்தவளும் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூத்தவளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி பாக்கியிருந்தால் அதையும் போடலாம்; போட்ட பிறகு உடலில் கொப்புளம் தென்பட்டால், அது காயும்வரை தம்பியிடமிருந்து விலகி இருக்கட்டும்.