ஆங்கிலம் காதில் விழுகிறது, புரியவில்லையே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிபிசி ஆடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமே புரியலை மிஸ்" என்கிறார்கள். இவர்களுக்கு ஏற்ற பயிற்சிகள் எங்கே கிடைக்கும்?
– ஆசிரியை, குறிஞ்சிப்பாடி

பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ்' தளத்தில் தொடங்குங்கள். எளிதான ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1 என்று நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். கேட்பதற்கு முன் செய்ய ஒரு சிறு பயிற்சி, கேட்டபின் கேள்விகள், பேச்சின் எழுத்து வடிவம் எல்லாம் அங்கேயே இருக்கும். பத்தாம் வகுப்பாக இருந்தாலும் ஏ1-இல் ஆரம்பியுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். 'ராண்டல்ஸ் சைபர் லிசனிங் லேப்' தளத்தில் சின்னச் சின்ன உரையாடல்கள் உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய மெதுவான ஆங்கில நிகழ்ச்சிகள் சுமார் 1,500 சொற்களை அடிப்படையாக வைத்துச் செய்தவை. அவற்றின் பழைய பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆடியோவாக இருந்தாலும், போட்டுவிட்டு "என்ன புரிந்தது?" என்று கேட்டால் இதே பதில்தான் வரும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் முறை கேட்கும்போது ஒரே ஒரு கேள்வி: இவர்கள் எங்கே நின்று பேசுகிறார்கள்? இரண்டாம் முறை விவரங்கள்: விலை, நேரம், காரணம். மூன்றாம் முறை எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, எங்கே தவறவிட்டார்களோ அங்கே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இந்த மூன்றாம் முறையை நேரமில்லை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தெரிந்த சொல்லைத்தான் தவறவிட்டோம் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பது இங்கேதான். அதற்காக ஒரு பீரியடே செலவானாலும் தகும்.

வாசித்தால் புரிகிற வாக்கியம், கேட்டால் ஏன் புரிவதில்லை?
– பத்தாம் வகுப்பு மாணவர், அரியாங்குப்பம்

தம்பி, நல்ல கேள்வி. தாளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாகப் படித்ததை 'பிக்கிடப்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நாம் மட்டும் என்ன, 'வந்து விட்டான்' என்றா பேசுகிறோம்? 'வந்துட்டான்' என்றுதானே சொல்கிறோம். அப்புறம், ஆங்கிலத்தில் முக்கியமான சொற்களை அழுத்திச் சொல்லி, சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். 'ஐ கேன் கோ' என்பது 'ஐ கன் கோ' போலத்தான் கேட்கும். 'முடியாது' என்று சொல்லும்போதுதான் 'கான்ட்' அழுத்தமாக வரும். ஆக, 'ட்' ஒலியைத் தேடாதே, அழுத்தம் எங்கே என்று கவனி. தர்ட்டீன், தர்ட்டி குழப்பமும் இதே வகைதான். முன்னதில் பெரும்பாலும் கடைசி அசையில் அழுத்தம், பின்னதில் முதல் அசையில்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நண்பன் ஒருவனை ஒரு வாக்கியத்தைச் சாதாரண வேகத்தில் சொல்லச் சொல். அர்த்தத்தை விட்டுவிட்டு, அதில் எத்தனை சொற்கள் என்று மட்டும் எண்ணு. ஒரு வாரம் செய்து பார், காது பழகுவது தெரியும்.

எங்கள் பள்ளியில் நெட் இல்லை, ஸ்பீக்கரும் கரகரக்கிறது. வகுப்பில் நாற்பத்தைந்து பேர். என்ன செய்யலாம்?
– ஆசிரியர், பண்ருட்டி

உங்கள் குரல் போதும் சார். முதல் சில மாதங்களுக்கு ஆடியோவை விடவும் அது நல்லது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நிறுத்தலாம், திரும்பச் சொல்லலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுப்பது புயல் அறிக்கை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கடந்தது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கைகளில் மையம் எங்கே, எந்தத் திசையில் நகர்கிறது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் காற்று, மீனவர்களுக்கு என்ன எச்சரிக்கை என்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். போர்டில் நான்கு கட்டம் போட்டு, அறிக்கையை இரண்டு முறை வாசியுங்கள். பிள்ளைகள் நோட்டில் கட்டங்களை நிரப்பட்டும். அடுத்த நாள் அதே புயலின் பிந்தைய அறிக்கை: எது மாறியிருக்கிறது? கடலூர்க் கடற்கரையில் இருக்கிற தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு இது வீட்டு விஷயம், காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான்.

புதுச்சேரி வரைபடமும் கைகொடுக்கும். கடற்கரைப் பக்கத் தெருக்கள் நேர்நேராக ஓடுவதால் 'இரண்டாவது இடதில் திரும்பு' என்பதெல்லாம் சுலபமாகச் சரிப்படும். காந்தி சிலையில் கிளம்பி மணக்குள விநாயகர் கோயில் வரை நீங்கள் வழி சொல்ல, அவர்கள் பென்சிலால் கோடு இழுக்கட்டும். பிறகு இருவர் இருவராகப் பிரித்து அவர்களையே வழி சொல்ல விடுங்கள்.

சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் கேட்கும் திறன் வளருமா?
– மாணவி, நெல்லிக்குப்பம்

வரிசை முக்கியம். மூன்று நிமிடக் காட்சியை முதலில் சப்டைட்டில் இல்லாமல், பிறகு ஆங்கில சப்டைட்டிலோடு, கடைசியில் மறுபடியும் இல்லாமல் பாரம்மா. தமிழ் சப்டைட்டில் போட்டால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும்.

மகனைத் தினமும் ஆங்கிலச் செய்தி கேட்கச் சொல்கிறேன். சரிதானே?
– ஒரு தந்தை, வில்லியனூர்

செய்தி கடினம். வேகம் அதிகம், பெயர்கள் அதிகம். அன்றைய செய்தியை முதலில் தமிழில் கேட்டுவிட்டு ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்கட்டும். விஷயம் தெரிந்திருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். கிரிக்கெட் பிடிக்குமென்றால் ஆங்கில வர்ணனையும் நல்ல பயிற்சிதான்.

கேட்டல் பயிற்சிக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? எழுத்துப் பிழைக்குக் குறைக்கலாமா?
– ஆசிரியை, பாகூர்

குறைக்காதீர்கள். சோதிப்பது காதை. 'வெட்னஸ்டே'யைத் தப்பாக எழுதினாலும் கிழமையைச் சரியாகப் பிடித்திருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். பிழையைப் பென்சிலால் வட்டமிட்டால் போதும். மாதத்தில் ஒரு முறை மதிப்பெண் போடுங்கள், மற்ற நாட்களில் மதிப்பெண் இல்லாமல் கேட்கட்டும். வெட்கப்படுகிற பிள்ளைகள் அன்றுதான் "மிஸ், இன்னொரு தடவை" என்று வாய் திறப்பார்கள்.