அண்ணாவின் பியரும் பரந்தனுக்கு வரப்போகும் பெட்டியும்

கேள்வி: கனடா ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா, முளைத்த பார்லியை அரைத்து வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார். இரண்டு வருடமாகச் செய்தும் ருசி சரிவரவில்லையாம். சில நேரம் டெட்டோல் மணம், சில நேரம் தண்ணி மாதிரிச் சப்பென்று இருக்கிறதாம். இப்போது எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய மின்சார இயந்திரம் ஒன்றை வாங்கப் போகிறார். அண்ணிக்கும் அவருக்கும் அதில் ஒரே சண்டை. பழைய சாமான்களை என் கணவருக்குக் கார்கோ பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்றும் சொல்கிறார். இயந்திரம் வாங்கினால் ருசி வருமா? பெட்டியை நாங்கள் எடுக்கலாமா? (பரந்தனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் பெட்டி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சக் கனடாவில் தடை இல்லை. இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம், செய்வதற்கென்று பாத்திரம் பண்டம் வைத்திருப்பதும் சிக்கல்தான். நம் பக்கத்துத் தவறணைகளில் கள் விற்பதும் அனுமதி எடுத்துத்தான். வெப்பமானியையும் சின்னத் தராசையும் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், குசினிக்கு உதவும்.

இனி இயந்திரம். இந்தச் சண்டையில் நான் அண்ணியின் பக்கம். அந்த இயந்திரம் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும், தண்ணியைச் சுற்றி ஓடவிடும், அவ்வளவுதான். அண்ணா சொல்லும் இரண்டு குறையில் ஒன்றை அது தொடவே தொடாது.

டெட்டோல் மணம் பெரும்பாலும் தண்ணியிலிருந்து வருவது. குழாய்த் தண்ணியில் கிருமி கொல்லப் போடும் குளோரின், பார்லியிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் பொருட்களோடு சேர்ந்து குளோரோபீனோல் ஆகிறது. அது துளி அளவு இருந்தாலே நாக்குக்குத் தெரியும். டொரொன்டோவில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமீனாக விடுகிறார்கள். வெறும் குளோரின் என்றால் கொதிக்க வைத்தாலோ ஓர் இரவு திறந்து வைத்தாலோ போய்விடும். குளோரமீன் அப்படி லேசில் போகாது. அதற்குக் கம்ப்டன் மாத்திரை என்று ஒன்று, பியர்ச் சாமான் விற்கும் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 25 லீற்றருக்கு அரை மாத்திரையே தாராளம். பொடியாக்கிக் கலந்தால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாளி, போத்தல்களைப் பிளீச் போட்டுக் கழுவுகிறாரா என்றும் கேளுங்கள். அதுவும் இதே மணத்தைத் தரும்.

வன்னியில் இருப்பவர்களுக்குத் தண்ணியின் ருசி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேத்தலில் கல்லுப் பிடிக்கிற கிணற்றுத் தண்ணியில் ஊற்றிய தேத்தண்ணியும் விலைக்கு வாங்கிய, உப்புகளை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணியில் ஊற்றிய தேத்தண்ணியும் ஒன்றா? பியரும் அப்படித்தான். அண்ணா பயந்துபோய் முழுக்க ஆர்.ஓ. தண்ணிக்கு மாறினால் டெட்டோல் மணம் போகும், ஆனால் சப்பென்ற ருசி கூடும். கல்சியம் லீற்றருக்கு 50 மில்லிகிராமாவது இருப்பது நல்லது. கல்சியம் குளோரைட் கொஞ்சம் போட்டால் பார்லியின் ருசி எழும், ஜிப்சம் போட்டால் ஹொப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த பூ) கசப்பு எடுப்பாகத் தெரியும். கிராம் கணக்கில் போடவேண்டிய சாமான், கையால் அள்ளிப் போடக்கூடாது.

சப்பென்று இருப்பதற்கு இன்னொரு காரணம் பார்லியை ஊறவைக்கும் சூடு. 65 முதல் 68 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவேண்டும். சூடு அதற்குக் கீழே போனால் சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டுப் பியர் மெலிந்துவிடும். மேலே போனால் தடிப்பும் இனிப்பும் மிஞ்சும். இங்கே இயந்திரம் கொஞ்சம் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணாவின் வெப்பமானியே மூன்று பாகை பிழையாகக் காட்டினால்? ஐஸ் உருகும் தண்ணியில் வைத்தால் பூச்சியம் காட்டவேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பிறகு காசை எண்ணட்டும். அரைத்து மாதக்கணக்காகக் கிடந்த பார்லியும், திறந்த பையில் வைத்த ஹொப்ஸும் எந்த இயந்திரத்திலும் ருசி தராது. ஹொப்ஸைக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வைக்கவேண்டும்.

அப்புறம், காய்ச்சியது நொதிக்கும் இடம். ஏல் என்ற பியர் வகைக்குப் போடும் ஈஸ்ட் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 20 பாகை போதும். நொதிக்கும்போது தானே சூடு கிளம்பும் என்பதால் அறையின் சூட்டை விட வாளிக்குள் சில பாகை கூடத்தான் இருக்கும். 25ஐத் தாண்டினால் சாராயக் காரம் வரும். (பரந்தன் வெயிலில், சட்டம் விட்டாலும் உங்கள் கணவருக்கு நல்ல பியர் வந்திராது.) நிலக்கீழ் அறையில், தண்ணித் தொட்டிக்குள் வாளியை இறக்கி வைத்தாலே அண்ணாவுக்குப் பாதி வேலை முடியும்.

வேறு மணங்களும் வந்தால்: அவித்த சோளம் மாதிரி என்றால் மூடியைத் திறந்து நன்றாகக் கொதிக்கவிடவில்லை. பட்டர் மணம், பச்சை அப்பிள் மணம் இரண்டும் அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்ததால். நனைந்த காட்போட் என்றால், நொதித்தபின் ஊற்றும்போது காற்றுப் பட்டிருக்கிறது.

அடுத்த முறை மாத்திரையும் சரிபார்த்த வெப்பமானியும் புதிய பார்லியும் வைத்துக் காய்ச்சட்டும். அதிலும் சரிவராவிட்டால் மட்டும் இயந்திரத்தின் விலையைப் பற்றி அண்ணியோடு பேசட்டும்.

கேள்வி: பணிசுக்கு வாங்கிய ஈஸ்ட் பொங்கவே இல்லை. கடையில் சின்னப் பொலித்தீன் பையில் கட்டித் தந்தது, திகதி ஒன்றும் இல்லை. மாற்றித் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்? (முல்லைத்தீவு)

பதில்: மிச்சம் இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு கரண்டி சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நுரைக்காவிட்டால் ஈஸ்ட் செத்தது, உங்கள் மாவில் பிழையில்லை. அதைக் கடைக்காரருக்கு முன்னாலேயே செய்து காட்டலாம், பலர் அதோடு இறங்கிவிடுவார்கள். இறங்காவிட்டால் பற்றுச்சீட்டையும் பையையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். இனிமேல் திகதி அச்சடித்த, உடைக்காத பைக்கற்றாகவே வாங்குங்கள். திறந்தபின் இறுக மூடிப் பிரிஜ்ஜில் வையுங்கள்.