முதல் உலகப் போர்: ரயிலின் வேகமும் காலாளின் வேகமும்

சரயேவோவில் ஓர் இளைஞன் சுட்ட இரண்டு குண்டுகளுக்காகவா உலகமே போருக்குப் போனது? நம்ப முடியவில்லை ஐயா.

நம்பாதது சரிதான். 1914 ஜூன் 28 அன்று 19 வயது கவ்ரிலோ பிரின்சிப், ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோபியையும் சுட்டுக் கொன்றான். அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் போர் இல்லை. கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகக் குற்றஞ்சாட்டி ஆஸ்திரியா அந்நாட்டுக்கு 48 மணி நேரக் கெடு விதித்ததே ஜூலை 23 அன்றுதான். என்ன நேர்ந்தாலும் துணை நிற்போம் என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்திருந்த துணிச்சல் அது. பகையும் கூட்டணிகளும் முன்பே இருந்தன. ஆனால் கடைசி வாரத்தில் எல்லாரையும் பிடரியில் கைவைத்துத் தள்ளியது ரயில் கால அட்டவணை என்பேன்.

லட்சக்கணக்கான வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள் எந்தப் பாலத்தை எந்த நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று தளபதிகள் பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பாதிப் படையை மட்டும் திரட்டலாம் என்று செர்பியாவுக்குத் துணைநின்ற ரஷ்யப் பேரரசர் நினைத்தபோது, முழுத் திட்டமும் குலைந்துவிடும் என்றார்கள். ஜூலை 30 அன்று முழுப் படைதிரட்டலுக்கு ஆணை போயிற்று. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் கைசர் (பேரரசர்), படையை மேற்கே அனுப்பாமல் முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார். தளபதி மோல்ட்கே முடியாது என்று மறுத்தார். பிரான்சைத் தாக்கும் வழியில், நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியர் நுழைந்ததும், ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனும் போரில் இறங்கியது. பேச்சுவார்த்தைக்குத் தேவைப்பட்ட சில நாட்களை அந்த அட்டவணை விட்டுவைக்கவில்லை.

இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே மீண்டும் மீண்டும் ஆட்களை அனுப்பினார்களே, தளபதிகள் முட்டாள்களா?

சிலர் பிடிவாதக்காரர்கள். எல்லாரையும் முட்டாள்கள் என்று தள்ளிவிட்டால் உண்மையான சிக்கல் கண்ணில் படாது.

முதலில் ஒரு திருத்தம்: அந்தப் போரில் மிக அதிகமானோரைக் கொன்றது பீரங்கி. 1897-இல் வந்த பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கியில், சுட்ட அதிர்ச்சியைக் குழாய் மட்டும் பின்வாங்கித் தாங்கிக்கொள்ளும். வண்டி அசையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிபார்க்க வேண்டியதில்லை என்பதால் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் வரை சுடலாம். இத்தகைய பீரங்கிகளுக்குத் தப்பத்தான் மனிதன் மண்ணுக்குள் இறங்கினான். பதுங்கு குழிக்கு முன்னால், அமெரிக்காவில் மாடுகளை அடைக்கப் புழக்கத்துக்கு வந்த முள்கம்பி. அதில் சிக்கி நிற்பவனை இயந்திரத் துப்பாக்கி பார்த்துக்கொண்டது.

பிரான்சில் நடந்த சோம் நதிப் போரில் பிரிட்டிஷார் ஏழு நாள் குண்டு பொழிந்தார்கள். ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகள். பலவும் வெடித்துச் சிறு உருண்டைகளைச் சிதறடிக்கும் வகை. ஆட்களைக் கொல்லும், முள்கம்பியை நன்றாக அறுக்காது. ஆழத்தில் பதுங்கிய ஜெர்மானியர் பிழைத்துக்கொண்டார்கள். 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். இந்த எண்ணை எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கை தயங்குகிறது.

இன்னொன்று. முன்வரிசையைப் பிடித்த வீரன் அதைப் பின்னாலிருக்கும் தளபதிக்கு எப்படிச் சொல்வான்? தொலைபேசிக் கம்பி குண்டில் அறுந்துவிடும். சுமந்து ஓடும் அளவுக்குச் சிறிய வானொலி கிடையாது. புறாவும் ஓட்டக்காரனுமே மிச்சம். செய்தி போய்ச் சேர்வதற்குள் எதிரியின் துணைப்படை ரயிலில் வந்து இறங்கிவிடும். தாக்குபவனின் துணைப்படையோ சேற்றில் நடந்து வரவேண்டும். நான்கு ஆண்டுத் தேக்கத்துக்கு முதன்மைக் காரணம் இதுவே என்பது என் முடிவு.

டாங்கி வந்ததும் நிலைமை மாறிவிட்டதா?

உடனே இல்லை. 1916 செப்டம்பர் 15 அன்று முதன்முதலாகக் களமிறங்கியபோது மனிதன் நடக்கும் வேகம்தான்; பல வழியிலேயே பழுதாகி நின்றன. பீரங்கி, விமானம், காலாட்படை ஆகியவற்றோடு இணைத்துப் பயன்படுத்தக் கற்ற பிறகே, 1918 ஆகஸ்டில் பிரான்சின் ஆமியானில், அதன் பலன் தெரிந்தது.

நச்சு வாயுவைக் கண்டுபிடித்தவருக்கே நோபல் பரிசு கொடுத்தார்களாமே?

பரிசு வாயுவுக்காக அல்ல. ஜெர்மன் வேதியியலாளர் பிரிட்ஸ் ஹாபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழியைக் கண்டவர், பரிசு அதற்கு. உரத்துக்கான அந்த அம்மோனியாவே வெடிமருந்துக்கும் மூலப்பொருள். சிலி நாட்டு வெடியுப்பு வராமல் பிரிட்டிஷ் கடற்படை மறித்தபிறகும் ஜெர்மனி போரைத் தொடர முடிந்தது அதனால்தான். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஒரே மனிதரின் இந்த இரண்டு செயல்களையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

சென்னையைத் தாக்கிய எம்டன் எப்படிப் பிடிபட்டது? என் பாட்டி கெட்டிக்காரப் பையன்களை 'எம்டன்' என்பார்.

1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் வான் முல்லரின் அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் தகவல் தொடர்பு நிலையத்தை அழிக்க முல்லர் ஆட்களை இறக்கினார். அதற்குள் நிலையத்தார் வானொலித் தந்தியில் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகே சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, சில மணி நேரத்தில் வந்து எம்டனைச் சிதைத்தது. சோம் களத்து வீரனிடம் இல்லாத வானொலியைத் தூக்கிச் சுமக்கக் கடலில் கப்பல் இருந்தது.