சிங்கப்பூர்த் தமிழ் இளையர்கள் செய்திப் புகைப்படம் எடுக்க ஏன் வருவதில்லை? துணிச்சல் இல்லாததுதான் காரணமா? அவர்களை எப்படி ஊக்குவிக்கலாம்?

துணிச்சல் இல்லாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் ஏதாவது சமூக மன்றத்திலோ சங்கத்திலோ இளையர் குழுவைப் பார்த்துக்கொள்பவராக இருக்க வேண்டும். போட்டி வைத்திருப்பீர்கள், பரிசு கொடுத்திருப்பீர்கள், யாரையாவது அழைத்துவந்து லென்ஸ் பற்றிப் பேசச் சொல்லியிருப்பீர்கள். வந்தவர்கள் மறுவாரம் மரீனா பே வாணவேடிக்கையை எடுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள்.

நான் முழுநேரச் செய்திப் படக்காரன் இல்லை. 1993லிருந்து ஏழு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரமாகப் படம் எடுத்துக் கொடுத்தேன். பிறகு குடும்பம், பிள்ளைகள், கல்யாண வேலை என்று போய்விட்டது. "ஏழு வருஷம் எடுத்தவன்லாம் பாடம் நடத்த வந்துட்டான்" என்று யாராவது எழுதினால் எழுதட்டும். அந்த ஏழு வருஷத்தில் கற்றதுதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது.

அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை. எனக்கு 18 வயது. எங்கள் வீடு ஓவன் ரோட்டில். காலை பதினொன்றரை மணி இருக்கும், சிராங்கூன் ரோட்டு முனையில் இருந்த நியூ வோர்ல்டு ஹோட்டல், ஆறு மாடிக் கட்டடம், அப்படியே தரையோடு உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் யாஷிகா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே கறுப்பு வெள்ளை ஃபிலிம், 14 படம் மிச்சம். பதினான்கையும் எடுத்தேன். அந்த விபத்தில் 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்குள் வழி குடைந்து உதவினார்கள். அதெல்லாம் என் படங்களில் கிடையாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு படத்தில் ஓர் அம்மா பெரிய அலுமினியக் கெட்டிலைத் தூக்கி, தூசியில் வெளுத்துப்போன ஒரு தீயணைப்பு வீரருக்குக் குவளையில் ஊற்றிக்கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "எழவு விழுந்த எடத்துல நின்னு படம் புடிச்சிட்டு வர்றியாடா?" கேமராவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஃபிலிம் உள்ளேயே கிடந்தது.

அப்பா மேல் எனக்கு வருத்தம் இல்லை. நம் வீடுகளில் சாவையும் படம் எடுப்பார்கள். பிணத்தைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட படம் பழைய ஆல்பங்களில் இருக்கும். ஆனால் அது குடும்பம் கூப்பிட்டு எடுப்பது. கூப்பிடாத இடத்தில் போய் நிற்கக் கூடாது என்பது அவருடைய முறை. இன்றைய அம்மாக்கள் "போலீஸ் புடிச்சா என்னடா பண்ணுவ?" என்று கேட்கிறார்கள். கேள்விதான் மாறியிருக்கிறது, தயக்கம் அதேதான். இதற்காவது பதில் சுலபம். தெருவில், பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவாக அனுமதி தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைத்தொகுதி போன்ற தனியார் இடமென்றால் அவர்களைக் கேட்க வேண்டும். இதைப் பெற்றோரையும் உட்காரவைத்து ஒரு தடவை சொல்லுங்கள், பாதித் தயக்கம் போய்விடும். அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு எட்டு வருஷம் ஆனது.

1994 தைப்பூசம். விடியற்காலை நான்கு மணிக்கே பெருமாள் கோயில் வாசலுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர், முன்னும் பின்னுமாக நடந்து ஐந்து ரோல் எடுத்தேன். வேல் குத்திய நாக்கு, அலகுக் காவடி, கண்ணீர் விடும் மனைவி, எல்லாம் கிட்டத்தில். மத்தியானம் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் பக்கம் எனக்குத்தான் என்று நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் படப்பிரிவு ஆசிரியர் ஒரு மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் எல்லாரும் அவரை 'பாங்' என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அண்ணன். லைட் பாக்ஸில் நெகட்டிவை வைத்து, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனார். காவடி ஒன்றிலும் நிற்கவில்லை. நான்காவது ரோலில், நான் போகிறபோக்கில் எடுத்த ஒரு படத்தில் நின்றார். செலிகி ரோட்டோரம் ஒரு வயதான அம்மா பிளாஸ்டிக் வாளியிலிருந்து மொண்டு காவடிக்காரர் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்.

"சியாப்பா இனி?" என்றார். யார் இது?

"தா தாவு, பாங்." தெரியாது.

"பெர்கி தான்யா." போய்க் கேள்.

ராத்திரியிலிருந்து தூங்கவில்லை. பாதத்தில் கொப்புளம். கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் போனேன். அந்த இடத்தில் வாளி மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது, ஆளைக் காணோம். பக்கத்துக் காப்பிக் கடையில் கேட்டேன், செலிகி ஹவுஸ் புளோக்கைக் காட்டினார்கள். இரண்டு மாடி ஏறி இறங்கி, மூன்றாவது கதவில் கண்டுபிடித்தேன். 61 வயது. பெயர் அப்போது நாளிதழில் வந்தது, இங்கே வேண்டாம். வேண்டுதலா அம்மா என்று கேட்டேன். இல்லை என்றார். அதே ரோட்டைத் தினமும் கூட்டுகிற வேலை அவருக்கு. "எந்த எடத்துல தார் கொதிக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. பத்து மணிக்கு மேல வர்றவங்களுக்கு அந்த முக்குலதான் காலு வெந்துபோவும். அதான் அங்க நிக்கிறேன்." பதினோரு வருஷமாக நின்றிருக்கிறார். அவர் வீட்டில் யாரும் காவடி எடுத்ததில்லை.

ஐந்து ரோல் எடுத்த எனக்குத் தைப்பூசத்தைப் பற்றி இது தெரியவில்லை. அந்தப் பக்கமாகப் பத்து தடவை நடந்திருக்கிறேன், தார் சுட்டதும் தெரியும், அவர் ஏன் அந்த முக்கில் நிற்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அந்தப் படம் மூன்று பத்தி அகலத்தில் வந்தது, கீழே மூன்று வரிப் படக்குறிப்போடு. எனக்கு 40 வெள்ளி கிடைத்தது.

அந்த வாரமே அலமாரியைத் திறக்கச் சொல்லி ஃபிலிமை எடுத்துக் கழுவினேன். எட்டு வருஷம் கிடந்தும் பதினான்கும் வந்தன, கொஞ்சம் மங்கல். பாங்கிடம் காட்டினேன். கெட்டில் படத்தில்தான் நிற்பார் என்று எனக்கே தெரியும். நின்றார், கேட்டார். பதில் இல்லை.

அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஆள் இருக்கிறது. படத்தைப் பார்த்து "யார் இது, போய்க் கேட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்ப ஆள் இல்லை. முன்பு அதை நாளிதழ் படப்பிரிவுகள் செய்தன. இன்று செய்தியாளரே கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறார். இருக்கிற ஓரிரு படக்காரர்களும் ஒரே நாளில் நாலு இடத்துக்கு ஓடுகிறார்கள். யாருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம்?

போட்டிப் படம் எடுப்பவர்களை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் படக்காரர் யிப் சியோங் ஃபன் 1957இல் எடுத்த விடியற்காலைப் படகுப் படத்தின் முன்னால் நின்றால் எனக்கு இன்றும் பேச்சு வராது. அது வேறு வேலை, இது வேறு வேலை. நம் சிங்கப்பூர்க்காரரான சிம் சி யின்னைப் பாருங்கள். 2017இல் நோபெல் அமைதிப் பரிசுக் கண்காட்சிக்குப் படம் எடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். அவர் பல ஆண்டுகள் நாளிதழில் செய்தி எழுதியவர். கேட்டு எழுதிப் பழகிய பிறகு கேமராவுக்கு முழுதாக வந்தவர். இது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

நம் சமூகத்தையும் சொல்ல வேண்டும். நம் நிகழ்ச்சிகளுக்குச் செய்திப் படம் என்றால் என்ன? பொன்னாடை. போர்த்துகிறவர், போர்த்தப்படுகிறவர், இரண்டு பக்கமும் செயலவை உறுப்பினர்கள். அதில் ஒருவர் விட்டுப்போனால் மறுநாள் காலையில் தொலைபேசி வரும். மூன்று மணி நேர நாடகத்துக்குப் பின்னால் இரவெல்லாம் உடை தைத்த பெண் மேடைப் பக்கவாட்டில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பாள், அவளை எடுத்துக் கொடுத்தால் "தலைவர் படம் இல்லையா?" என்பார்கள். பத்து தடவை இப்படி நடந்தால் எந்தப் பிள்ளையும் பொன்னாடை எடுக்கப் பழகிவிடும். அப்புறம் அதற்கு எதற்குச் செய்திப் படம், கல்யாணமே எடுக்கலாமே. ஒரு கல்யாணத்துக்கு நான் 2,800 வெள்ளி வாங்குகிறேன். ஊக்கம் ஊக்கம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் மேசைமேல் வைத்துப் பேச வேண்டும். சங்கத்து மலருக்குப் படம் வாங்கினால் காசு கொடுங்கள், படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் போடுங்கள். இது தயவு கேட்பதில்லை. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமும் எடுத்தவருக்கே சொந்தம். பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரைச் சொல்லவும் வேண்டும். எத்தனை செயலாளர்களுக்கு இது தெரியும்?

விஷயத்திலிருந்து விலகுகிறேன், ஆனாலும் சொல்லாமல் முடியவில்லை. என் தூரத்து உறவு மாமா ஒருவர் முப்பது வருஷம் சிராங்கூன் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், பெண் பார்க்க ஊருக்கு அனுப்பும் படம். அவர் போன பிறகு பிள்ளைகள் வீடு மாறினார்கள். மூன்று பெட்டி நெகட்டிவ், ஒவ்வோர் உறையிலும் தேதியும் பெயரும் அவர் கையெழுத்தில். கீழே குப்பைத்தொட்டிப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் தெரிந்து ஓடியபோது எடுத்துப்போயிருந்தார்கள். "இடம் இல்ல மாமா" என்றார்கள். புது வீட்டில் 65 அங்குலத் தொலைக்காட்சிக்கு இடம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

சரி. பெயர் கேட்பது என்றால் எப்போதும் பெயர் போடுவது என்று அர்த்தமில்லை, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஊழியர் ஒருவர் இறந்து, கலவரம் ஆனது. நான் அன்று ஒரு கல்யாண விருந்தில் இருந்தேன். எரிகிற ஆம்புலன்சும் கவிழ்ந்த போலீஸ் காரும் பலருடைய கைப்பேசியிலிருந்து உலகமெல்லாம் போயின. அடுத்த ஞாயிறு கேமராவோடு தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போனேன். ஊழியர்களை ஏற்றிவரும் பேருந்துகளை நிறுத்தியிருந்தார்கள், மதுவுக்குத் தடை. ஞாயிறு சாயங்காலம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிற தெரு காலியாகக் கிடந்தது. திட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். புதுக்கோட்டைப் பக்கம், கப்பல் பட்டறையில் வேலை, லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்திருக்கிறார். "எடுத்துக்கங்கண்ணே. பேரு மட்டும் போடாதீங்க, பெர்மிட்டு போயிரும்" என்றார். எடுத்தேன். எங்கும் கொடுக்கவில்லை. ஆனால் பெயர், ஊர், அன்று எவ்வளவு தூரம் நடந்தார், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. தெரிந்து போடாமல் விடுவதும் கேட்காமலே எடுத்துவிட்டு வருவதும் ஒன்றாகாது. அப்பா கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான். கூப்பிடாமல் போனாலும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், நீ எழவு வீட்டில் வேடிக்கை பார்த்தவன் ஆகமாட்டாய்.

உங்கள் குழுவுக்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று கொடுங்கள். வாரம் ஒரு தடவை யாராவது அனுபவசாலி உட்கார்ந்து பார்க்கட்டும், புகழாமல், திட்டாமல், கேள்வி மட்டும் கேட்கட்டும். நான் இரண்டு வருஷமாக மூன்று பிள்ளைகளோடு இதைச் செய்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, கேம்பல் லேனில் பூக்கட்டுகிற கைகளை 200 படம் எடுத்துவந்தாள். அத்தனையும் அழகு. யார் என்று கேட்டேன். மூன்று தடவை திரும்பப் போனாள். மூன்றாவது தடவைதான் அந்த அண்ணன், மல்லி விமானத்தில் வந்து இறங்குகிற நேரத்தைச் சொல்லி, நாளைக்கு வா என்றிருக்கிறார். இப்போது அவளிடம் இருப்பது ஒரு கதை. கொஞ்சம் தேறியவர்களை மிடில் ரோட்டில் இருக்கும் அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையத்துக்கு அனுப்புங்கள், ஆவணப் புகைப்படத்துக்கென்றே அங்கே விருதும் வழிகாட்டலும் உண்டு. 2005லிருந்து கம்போடியாவின் சியம் ரீப்பில் நடக்கும் அங்கோர் புகைப்படப் பயிலரங்கில் ஆசியப் படக்காரர்களுக்குக் கற்பிக்கக் கட்டணம் வாங்குவதில்லை. விமானச் சீட்டுக்குச் சங்கம் உதவலாமே, அதுவும் ஒரு பொன்னாடைதான்.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். 1986 மார்ச்சில் ஓவன் ரோடு, பெக் கியோ பக்கம் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். பூப்போட்ட சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் சாரோங், முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிய அம்மா, ஐம்பது வயது இருக்கலாம். சீனரா, சீன மலாய் மரபு கலந்த பெரனாக்கனா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இடது கையில் குவளைகளைக் கம்பியில் கோத்துப் பிடித்திருக்கிறார். கெட்டிலின் மூடி கயிற்றால் கட்டியிருக்கிறது. அவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.