பழைய சினிமா போஸ்டரா? முதலில் மடிப்பைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் ஒரு கடைக்காரர் 'ஷோலே' போஸ்டருக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். 1975-இல் வந்த ஒரிஜினல், இந்த மாதிரி இனிமேல் கிடைக்காது என்கிறார். பார்த்தாலும் பழசாகத்தான் தெரிகிறது. வாங்கலாமா? (செம்பூர் வாசகர்)

பதில்: பழசாகத் தெரிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது சார். டீத்தண்ணீரில் தோய்த்துக் காயவைத்தால் நேற்று அடித்த காகிதமும் பழுப்பாகிவிடும். ஆனால் அப்படிச் செய்தது நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராகப் பழுத்திருக்கும். உண்மையிலேயே கட்டோடு அடுக்கில் கிடந்த காகிதத்தில் வெளிக்காற்று படுகிற ஓரம்தான் அதிகம் பழுக்கும்.

முதல் வேலையாக மடிப்பைத் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்தில் போஸ்டர்களை மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள், அதனால் மடிப்புத் தடம் இருப்பது குறையே இல்லை, ஒரு மடிப்புகூட இல்லாத 1975 போஸ்டரைப் பார்த்தால்தான் நான் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். நிஜ மடிப்பில் மை உதிர்ந்து காகிதத்தின் நார் வெள்ளையாய்த் தெரியும், இரண்டு மடிப்பு குறுக்கே சந்திக்கிற இடத்தில் சின்ன ஓட்டையே விழுந்திருக்கும். பழைய போஸ்டரைப் படம் பிடித்து அடித்த நகலிலும் மடிப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் விரலுக்குத் தட்டாது. அந்தக் கோடும் அச்சடித்த கோடுதான். பின்பக்கம் திருப்பினால் ஒன்றுமே இருக்காது.

அடுத்தது லென்ஸ். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டிக்கொள்வாரே, அது போதும். படத்தைப் பார்க்க வேண்டாம், எழுத்தைப் பாருங்கள். அசல் ஆஃப்செட் போஸ்டரில், அதாவது உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாக மெஷினில் அச்சிட்டதில், முகங்கள் புள்ளி புள்ளியாக இருந்தாலும் படப் பெயரின் எழுத்து பெரும்பாலும் கெட்டியான மையில், ஓரம் சுத்தமாக இருக்கும். நகலில் எழுத்தையும் சேர்த்துப் படம் பிடித்திருப்பதால் அதன் ஓரமும் புள்ளிகளாய்ச் சிதறியிருக்கும். வரிசையே இல்லாமல் பொடி தூவினாற்போல் புள்ளி இருந்தால் அது இங்க்ஜெட், கம்ப்யூட்டர் பிரின்டரில் எடுத்தது, அப்போது பேரம்கூடப் பேசாமல் வந்துவிடலாம். 1940-களின் லித்தோ போஸ்டர்கள் வேறு ஜாதி, அவற்றில் பல கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்து அச்சிட்டவை, லென்ஸில் கிரேயான் தேய்த்த மாதிரி சொரசொரப்புதான் தெரியும்.

இவ்வளவும் தேறினாலும் இன்னொரு வலை இருக்கிறது. காகிதம் பழசுதான், ஆஃப்செட்டும் நிஜம்தான், ஆனால் அது ரீ-ரிலீஸுக்கு அடித்த போஸ்டர். 'ஷோலே' லாமிங்டன் ரோடு மினர்வா தியேட்டரில் மட்டும் ஐந்து வருஷம் ஓடிய படம். அப்புறமும் பல தடவை திரும்ப வந்தது, 2014-இல் 3டி-யிலும் வந்தது. இப்படிப்பட்ட படத்துக்கு ஒரே தடவை போஸ்டர் அடித்து நிறுத்தியிருப்பார்களா? அதனால் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர், விநியோகஸ்தர் பெயர் இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து, முதல் ரிலீஸ் போஸ்டர் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுங்கள். அந்த ஓரத்தையே கத்தரித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள், ஃபிரேமுக்காக வெட்டினேன் என்பார். இருக்கலாம். ஆனால் விலையும் அந்த அளவுக்கு வெட்டுப்பட வேண்டும்.

கடைசியாக, பில். "பழைய போஸ்டர் 1" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். படத்தின் பெயர், அளவு, 1975 முதல் ரிலீஸ், அச்சிட்ட அசல், நகல் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் பண்ணுகிறவர் பேனாவைப் பார்த்ததும் தயங்கினால் உங்கள் கேள்விக்கு அதுவே பதில். எழுதிக் கொடுக்கிறவரிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் தப்பில்லை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அங்கே பழம்பொருள் கடைகள் மூடியிருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் 'வின்டேஜ் ஒரிஜினல்' என்று பார்த்து ஒரு போஸ்டர் வாங்கினேன். வந்தது பளபளவென்று புது பிரின்ட். திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்? (முலுண்ட் வாசகி)

பதில்: அந்த விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள் மேடம், நாளைக்கு 'ஒரிஜினல்' என்ற சொல் அங்கே இருக்காது. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் வருஷ ஈ-காமர்ஸ் விதிகளே சொல்கின்றன. முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள், அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், நீங்கள் வசிக்கிற ஊரிலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் பக்கத்தில் எங்கேயாவது 'வின்டேஜ் ஸ்டைல்' என்று பொடியாய்ப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், போட்டிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். இன்னொன்று, லாபத்துக்கு விற்கிற எண்ணத்தில் வாங்கியிருந்தால் சட்டம் உங்களை நுகர்வோராகவே கருதாது.

கேள்வி: மாட்டுங்காவில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு, இரண்டு போஸ்டர். அம்மா லாமினேட் பண்ணச் சொல்கிறார். ஹிந்தி 'சந்திரலேகா' பாட்டுப் புத்தகமும் இருக்கிறது, அதற்கு மதிப்பு உண்டா? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: அம்மாவிடம் சொல்லி லாமினேஷனை நிறுத்துங்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது, விலையும் அன்றோடு போச்சு. செலோ டேப்பும் கூடாது, கோந்து சில வருஷத்தில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பாட்டுப் புத்தகத்தின் துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில் படுக்கையாக வையுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். போஸ்டரை ஃபிரேம் போட்டால் கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

மதிப்பா? 'சந்திரலேகா' 1948-இல் எஸ்.எஸ். வாசன் தமிழில் எடுத்து அதே வருஷம் ஹிந்தியிலும் கொண்டுவந்த ஜெமினி படம். மெட்ராஸ் ஸ்டூடியோக்களின் ஹிந்திப் படக் காகிதங்களைத் தேட மும்பைதான் சரியான இடம், இங்குள்ள தமிழ்க்காரர்கள் ஏனோ அதைக் கண்டுகொள்வதில்லை. உங்களிடம் இருப்பதில் பக்கங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கதையைப் பாதி சொல்லி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிக்கிற அந்தப் பக்கத்தைத்தான் பலர் கிழித்து வைத்திருப்பார்கள். மூன்று பேரிடம் விலை கேட்காமல் விற்காதீர்கள், என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம்.

கேள்வி: ஷோகேஸில் வைக்க ஒரு பழைய ஃபிலிம் ரீல் வாங்கலாம் என்றிருக்கிறேன். கவனிக்க ஏதாவது உண்டா? (சயான் வாசகர்)

பதில்: உண்டு, நெருப்பு. 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது, அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. 2003-இல் புனேயில் நடந்த தீவிபத்தில் எத்தனையோ பழைய நைட்ரேட் படங்கள் போய்விட்டன. ஃபிலிமின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' (எளிதில் தீப்பிடிக்காத வகை) என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள், அது இல்லாத பழைய ரீலை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், ரயிலில் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். சேஃப்டி ரீலிலும் வினிகர் வாடை அடித்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷோகேஸ்தான் முக்கியம் என்றால் ஃபிலிம் இல்லாத வெறும் ரீல் சக்கரமும் தகரப் பெட்டியும் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு முதலில் போன் செய்து கேளுங்கள், நீங்களே கொண்டு போக வேண்டாம்.