குழல் மாற்றும் வேட்டை ரைஃபிள்: எத்தனை குழல், எந்தத் தோட்டா?

தொண்டிக்காரரான நீங்கள் பிரேமர்ஹாஃபன் துறைமுக நகரில் வேலை பார்க்கிறீர்கள். ஜெர்மனியின் வேட்டை உரிமத் தேர்விலும் தேறிவிட்டீர்கள். ஒரே ரைஃபிளுக்கு மூன்று நான்கு குழல்கள் வாங்கலாமா, எந்தத் தோட்டாக்கள் பொருந்தும், ஊர் திரும்பும்போது அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மண்டபத்துக்காரன். துரிங்கியா மாநிலத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தபோது 9 ஆண்டுகள் உரிமத்துடன் வேட்டைக்குச் சென்றிருக்கிறேன். என்னைக் கேட்டால், முதல் பருவத்தை .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவுக்கான ஒரே ஒரு குழலுடன் கழித்துவிட்டு, இரண்டாவதைப் பற்றி அதன் பிறகு யோசியுங்கள்.

குழல் மாற்றும் ரைஃபிளைக் கடையில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மீன்பிடி வத்தைதான் (சிறு படகு) நினைவுக்கு வந்தது. வத்தை ஒன்று, நண்டு வலை, சூடை வலை, சீலா வலை என்று வலைகள் பல. அதே கணக்கில் நானும் மூன்று குழல்கள் வாங்கினேன். ஆனால் வாப்பாவின் வலைகளில் ஆண்டு முழுவதும் கடலுக்குப் போனவை இரண்டுதான் என்பதையும், மற்றவை கொட்டகையில் எலி கடித்துக் கிடந்ததையும் அப்போது வசதியாக மறந்துவிட்டேன். கூடுதல் குழல் ஒன்றின் விலையே ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதற்கென ஒரு ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கினால் நல்லதொரு இரண்டாவது ரைஃபிளின் விலை வந்துவிடும். ஒவ்வொரு குழலையும் உரிம அட்டையில் பதிவு செய்யவும், பாதுகாப்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கவும் வேண்டும்.

தோட்டாவைப் பொறுத்தவரை, உங்கள் விருப்பத்துக்கு முன்பே சட்டம் பாதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. சிறிய வகை மானான ரோ மானைச் சுட, 100 மீட்டர் தொலைவில் ரவையின் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டின்) ஆற்றல் குறைந்தது 1000 ஜூல் இருந்தால் போதும். காட்டுப்பன்றி, சிவப்பு மான் போன்ற மற்றக் குளம்பு விலங்குகளுக்கு ரவையின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், அதே தொலைவில் ஆற்றல் 2000 ஜூலுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். .243 வின்செஸ்டர், சுடும்போது தோளில் உதை குறைந்த அருமையான தோட்டாதான் என்றாலும், அதன் ரவை 6.2 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தக் குழலோடு ரோ மானுக்காகப் பரணில் காத்திருக்கும்போது பன்றிக் கூட்டம் வந்து நின்றால், நீங்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். எனக்கு அது இரண்டு முறை நடந்தது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது தோட்டாவின் அடிப்பகுதி. .308, .30-06, 8×57, 9.3×62 ஆகியவற்றின் அடி விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் என்பதால், ஒரே போல்ட் தலை (தோட்டாவின் அடியைப் பிடிக்கும் பாகம்) அனைத்துக்கும் போதும். நீளத்துக்கு ஏற்ப, தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் உள்ளீடு மட்டும் மாறும். .300 வின்செஸ்டர் மேக்னம், .375 எச் அண்ட் எச் போன்றவற்றின் அடி 13.5 மில்லிமீட்டர்; .223 ரெமிங்டனின் அடி 9.6 மில்லிமீட்டர். இவற்றுக்குத் தனித்தனிப் போல்ட் தலை வாங்கியாக வேண்டும். ஆகவே இரண்டாவது குழல் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், 1905ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் 9.3×62ஐப் பரிந்துரைப்பேன். கனமான ரவை, குட்டையான குழலிலும் வலுவை அதிகம் இழப்பதில்லை, பன்றியையும் சிவப்பு மானையும் தாராளமாக வீழ்த்தும். அதிக ஆற்றலுள்ள மேக்னம் தோட்டாக்கள் ஜெர்மனியின் காட்டுத் தொலைவுகளுக்குத் தேவையற்ற சத்தம் என்பது என் கருத்து.

ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்கோப் எதன் மேல் உட்காருகிறது என்று முதலில் கேளுங்கள். பிளாசர் ஆர்8இல் அது குழலின் மேலேயே பொருந்துகிறது. அடிப்பக்கத்திலுள்ள இரண்டு திருகுகளைத் தளர்த்திக் குழலை ஸ்கோப்போடு சேர்த்து எடுத்துவிட்டு, பிறகு மாட்டும்போது குறி பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். மௌசர் எம்03, சாவர் 404 ஆகியவற்றில் ஸ்கோப் உடற்பகுதியின் மேல் இருப்பதால், குழலை மாற்றிய பிறகு சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது. எந்த வகையானாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரே வகைத் தோட்டாவை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். ஈயமற்ற செப்பு ரவைக்கு மாறினால் குறியை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு மாலை நேரத்தில் .308 குழலை மாட்டிக்கொண்டு பரண் ஏறியிருந்தேன். சட்டைப் பையில் இருந்தவை .243 தோட்டாக்கள். .308இன் கழுத்தைக் குறுக்கி உருவாக்கியதே .243 என்பதால், போல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும், தோட்டா அமரும் அறையும் தடுக்காது. கடைசித் தோட்டாவை மேகசினில் அழுத்தும்போது ரவையின் முனை வழக்கத்தைவிட மெலிந்திருப்பது கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டதால் தப்பித்தேன். சுட்டிருந்தால் தோட்டாவின் கூடு கிழிந்திருக்கலாம். ரவை எங்கே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாளே, ஊரிலிருந்து கொண்டுபோன வலை பொத்தும் நைலான் நூலில் பச்சையை ஒரு குழலின் ஸ்கோப்பிலும் அதன் தோட்டாப் பையிலும், சிவப்பை மற்றதிலும் கட்டினேன். .243 குழலை அந்த ஆண்டே விற்றுவிட்டேன்.

உங்களுக்கும் கடற்கரை வாசம் என்பதால் துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரும்புத் தாழ்ப்பாள் எப்படி உதிரும் என்று தெரியும். வட கடல் காற்றும் உப்புக் காற்றுதான். குழல் மாற்றும் ரைஃபிளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புப் பரப்புகள் அதிகம். குழலின் அடிப்பக்கத்தையும் திருகுத் துளைகளையும் மாதம் ஒருமுறையாவது கழற்றித் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறைந்து பிசுக்காகிவிடும்.

ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்தியாவில் தனிநபர் துப்பாக்கி இறக்குமதிக்கு 1980களின் நடுப்பகுதியிலிருந்தே பொதுவாகத் தடை இருக்கிறது. தேர்ச்சி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் தரப்படும் விலக்கு வேட்டைக்காரருக்குப் பொருந்தாது. குழலை மட்டும் பெட்டியில் வைத்து வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். கொண்டுவந்தாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது இங்கே அதற்கு வேலையும் இல்லை. நான் கிளம்பும்போது என்னுடையதை இரு குழல்களோடும் துரிங்கியாவிலேயே, உரிமம் வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு விற்றுவிட்டு வந்தேன். நூல் மட்டும் இன்னும் அதில் இருப்பதாகச் சொன்னார்.